தாத்தாவின் காவடி எங்கே?



என் தாத்தா 20 ஆண்டுகள் பத்துமலைக்குத் தூக்கிய காவடி எங்கள் வீட்டின் பின்புறத்தில் கிடந்தது. வீடு மாறியபோது அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம். எடைக்குக் கிடைத்தது சில வெள்ளிதான். அதை யார் செய்தது, ஒரு வேல் மட்டும் ஏன் செம்பில் இருந்தது என்று கேட்கத் தாத்தாவும் இன்று இல்லை.

சமயம் என்றால் நூலும் தத்துவமும் மட்டும்தானா? கைபட்டுத் தேய்ந்த பொருளிலும் சமயம் வாழ்கிறது என்கிறது ஓர் ஆய்வுத்துறை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் 'மேவ்கோர்' இணைய ஆய்விதழ் இதற்கென்றே இருக்கிறது. படிக்கக் கட்டணம் இல்லை. ஒரே ஒரு பொருளை எடுத்து அதன் கதையைச் சொல்லும் கட்டுரைகளுக்கும் அதில் இடமுண்டு.

நம் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2006-இல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையை உலகமே படம் எடுத்துவிட்டது. உங்கள் வீட்டுப் பால்குடத்தைப் பற்றி யார் எழுதுவது? பக்தியை வர்ணித்தால் மட்டும் போதாது. செய்தவர் யார், என்ன உலோகம், எத்தனை கை மாறியது, எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்று பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். உரியவரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அனுப்பிய கட்டுரையை அறிஞர்கள் படித்துத் திருத்தம் கேட்பார்கள், சோர்ந்துவிடாதீர்கள்.

அதற்கு முன், இந்த வாரமே பாட்டியின் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். பொருளும் இருக்கவேண்டும், சொல்ல ஆளும் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் போய்விட்டன.