புழக்கடையில் மெக்ஸிகோ சூரியகாந்தி

(மேல்மலையனூர்க் குடியானவர்களுக்கான பிரசங்கம்)



சூரியகாந்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் குடியானவர் மனம் எண்ணெய்ச் செக்கின்மீது செல்லுவது இயல்பே. இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அந்தச் செடியைப் பற்றியதன்று. மெக்ஸிகோ சூரியகாந்தி அதற்குத் தூரத்து உறவு. எண்ணெய்க்காக இதைப் பயிரிடுவதில்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். பெயரை நம்பிக் கடன் வாங்கி அரைக் காணியில் விதைத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் இருத்தலாகாது. சங்கத்திற்கு மனுப் போடத்தக்க பயிரன்று இது; ஒரு சிட்டிகை விதையும் வீட்டில் வீணாகும் நீருமே இதற்கு வேண்டிய மூலதனம்.

இதில் இரண்டு ஜாதிகள் முக்கியமானவை. ஒன்று, டித்தோனியா ரோட்டண்டிபோலியா என்னும் ஒருபருவச் செடி. நாலு முதல் ஆறடி வளர்ந்து செம்மஞ்சள் நிறப் பூக்களைத் தருவது. மற்றொன்று, டித்தோனியா டைவர்சிபோலியா என்னும் பல்லாண்டுப் புதர், மஞ்சள் பூப்பது. புழக்கடைக்கு ஏற்றது முதலாவதே.

மேல்மலையனூர்ப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையே பெருமழை. செடியின் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடுமாதலால், மழை ஓய்ந்த தை மாதத்தில் விதைப்பது உத்தமம். விதையைக் கால் அங்குலத்திற்குமேல் புதைத்தலாகாது. ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும் நாற்றுகளை இரண்டடிக்கு ஒன்றாக, வெயில் நன்கு படுமிடத்தில் நிறுத்த வேண்டும். எரு மிகுதியாக இட்டால் தழை மண்டித் தண்டு சாயுமேயன்றிப் பூ மிகாது. கிணறு வற்றும் சித்திரையிலும், அரிசி களைந்த நீரையும் பாத்திரம் அலசிய நீரையும் கொண்டே இதைக் காப்பாற்றலாம். சவர்க்காரம் கலந்த நீர் மட்டும் வேண்டாம். விதைத்த மூன்று மாதத்திற்குள் பூக்கத் தொடங்கும். வாடிய பூவை அவ்வப்போது கிள்ளிவிட்டால் மேலும் பூக்கும்.

அமாவாசைதோறும் அங்காளம்மன் சந்நிதிக்குத் திரளும் ஜனங்களால் இவ்வூரில் பூவுக்குக் கிராக்கி உண்டு. ஆகவே இதை விற்கலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் பூவுக்கடியில் காம்பு பருத்து, உள்ளே கூடாக இருப்பதால் எளிதில் மடங்கிவிடும். சாமந்தியோடு போட்டியிடும் சரக்கன்று. இதன் லாபம் வேறிடத்தில் இருக்கிறது. பூசணியிலும் பாகலிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வந்து மகரந்தத்தைக் கொண்டுசேர்க்காவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். டித்தோனியாப் பூவைத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மிக விரும்பி நாடும். காய்கறிப் பாத்திக்கருகே நாலு செடி இருந்தால், அவற்றை நாடி வரும் தேனீ கொடிப் பூக்களையும் எட்டிப்பார்க்கும்.

இனி மஞ்சள் ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரிக்குச் சென்றவர்கள் பாதையோரத்தில் இது புதராகப் பூத்திருப்பதைக் கண்டிருக்கலாம். மேற்குக் கென்யாவில் குடியானவர்கள் வேலியாக நிற்கும் இதன் தழையை வெட்டி வயலுக்கு இடுகின்றனர். அங்கு நடந்த பரிசோதனைகளில், உலர்ந்த இலை 100 பங்கில் தழைச்சத்து சுமார் 3.5 பங்கும் சாம்பல்சத்து சுமார் 4 பங்கும் இருக்கக் கண்டனர். இதைக் கேட்டு ஆசைப்படுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது கொழிஞ்சியைப்போலக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதன்று. மண்ணில் ஏற்கெனவே உள்ளதைத் திரட்டித் தருவது மட்டுமே. மேலும் விதையாலும் வெட்டிய தண்டாலும் பரவிப் பிறர் நிலத்தில் புகும். கொழிஞ்சியும் புங்கமும் ஆவாரையும் கைக்கெட்டும் இச்சீமையில் இதைத் தேடிக் கொணரவேண்டிய அவசியம் இல்லை. யாரேனும் மலையிலிருந்து போத்து ஒடித்து வந்து நட்டிருந்தால், பூ விதையாகுமுன் அறுத்துப் பாத்திக்குத் தழையாக இடுக. தண்டைத் தெருவிலோ ஏரிக்கரையிலோ எறிய வேண்டாம்.

ஒருபருவச் செடியில் முற்றிக் காய்ந்த நாலைந்து பூத்தலைகளை மட்டும் விட்டுவைத்து, விதையை நிழலில் உலர்த்திச் சாம்பலுடன் கலயத்தில் கட்டிவைத்தால், அடுத்த தையில் அண்டை வீட்டுக்கும் கொடுக்கலாம்.