டெண்டர் இரகசியம்

(சிங்காநல்லூர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



நம் கூட்டம் என்றால் சாமி, சாஸ்திரம், சடங்கு இவைகளைப் பற்றித்தான் பேச்சு இருக்கும் என்று எண்ணி வந்திருக்கும் தோழர்கள், ரோட்டுக் காண்ட்ராக்டைப் பற்றி நாம் பேசப் போவதாகத் தலைவர் சொன்னதும், இதற்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருப்பார்கள். சம்பந்தம் நிரம்ப உண்டு. ஒரு காரியத்தை நாலு பேர் மாத்திரம் தெரிந்து வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்து, "இது உனக்குப் புரியாது, நீ கேட்கவும் கூடாது" என்று எங்கெங்கே சொல்லுகிறார்களோ, அங்கெல்லாம் நமக்கு வேலை இருக்கிறது. மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டால் பாவம் என்றான் புரோகிதன். எஸ்டிமேட்டுக்கு அர்த்தம் கேட்டால் அது இஞ்சினீயர் சமாச்சாரம் என்கிறார்கள் ஆபீசில். இரண்டிலும் தட்சிணை மாத்திரம் நம்முடையது.

ஒரு வீதிக்குத் தார் போடுவதென்றால் முதலில் என்ன நடக்கிறது? பூமி பூஜை நடக்கிறது. பஞ்சாங்கம் பார்த்து, ராகு காலம் தள்ளி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மேயர் முதல் மேஸ்திரி வரை வரிசையாக நின்று போட்டோ பிடித்துக் கொள்ளுகிறார்கள். இவ்வளவும் செய்த ரோடு அடுத்த ஐப்பசி மழையோடு பெயர்ந்து சாக்கடைக்குப் போகிறது. நாம் கேட்கிறோம்: நல்ல நேரம் என்னவாயிற்று? 40 மில்லி மீட்டர் கனத்துக்குத் தார்க் கலவை போடுவதாக எஸ்டிமேட்டில் எழுதிவிட்டு, 25 மில்லி மீட்டர் போட்டால், நூற்றுக்கு முப்பத்தேழரைப் பங்கு அங்கேயே காணாமற் போயிற்று. இதை எந்தக் கிரகமும் தின்னவில்லை. ராகு காலத்தில் போட்டாலும் 40 மில்லி போட்டால் ரோடு நிற்கும்.

இந்தக் காரியம் நடக்கும் முறையைச் சொல்லுகிறோம். பிரமாதமான வித்தை ஒன்றுமில்லை. நம் குடியானவன் தோட்டத்தில் கிணறு வெட்ட வேண்டுமானால், எத்தனை அடி, எவ்வளவு செலவு என்று முதலில் ஒரு கணக்குப் போடுகிறான். அதுதான் எஸ்டிமேட். பிறகு வெட்டுகிற ஆட்களில் மூன்று நாலு கூட்டத்தாரைத் தனித்தனியே கூப்பிட்டு, அடிக்கு என்ன கேட்கிறாய் என்று விசாரிக்கிறான். அதுதான் டெண்டர். ஒருவனுக்கு விட்டு, வேலை முடிந்ததும் கூலி கொடுக்குமுன் கயிற்றை இறக்கி ஆழத்தை அளந்து பார்க்கிறான். சர்க்கார் வேலையில் அப்படி அளந்து எழுதி வைக்கும் புத்தகத்துக்கு அளவுப் புத்தகம், எம்-புக் என்று பெயர். அதில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் பில் பாஸாகும். சொந்தக் கிணற்றுக்குக் கயிறு இறக்காத குடியானவன் கொங்கு நாட்டில் ஒருவனாவது உண்டா? தன் வரிப் பணத்தில் போடும் ரோட்டுக்கு மாத்திரம் யாரோ இறக்கிய கயிற்றை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

டெண்டருக்குச் சட்டம் இல்லாமலில்லை. 1998இல் தமிழ்நாட்டில் டெண்டர்களை ஒளிவு மறைவில்லாமல் நடத்துவதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். அதற்கான விதிகள் 2000த்தில் வந்தன. டெண்டர் கூப்பிடுவதை டெண்டர் புல்லட்டினில் போட வேண்டும். 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் கொடுக்க வேண்டும். அவகாசத்தைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டும். வந்த டெண்டர்களை, போட்டவர்கள் முன்னிலையில் பிரிக்க வேண்டும். இந்த நாட்கணக்கை அற்பமென்று எண்ணாதீர்கள். 30 நாள் கொடுத்தால் வெளியூர்க்காரனும் கணக்குப் போட்டு வருவான். 5 நாள் கொடுத்தால், முன்னமே சேதி தெரிந்தவன் ஒருவன்தான் தயாராக இருப்பான். பூஜைக்கு நாள் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நாம் பார்க்க வேண்டிய நாள் இது.

சட்டத்தை மீறாமலே அதைச் சாகடிக்கிற வழிகளும் இருக்கின்றன. மூன்று பேர் டெண்டர் போடுவார்கள். மூன்றும் ஒரே வீட்டில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு பேர் வேண்டுமென்றே அதிக விலை எழுதுவார்கள். இதற்கு டம்மி டெண்டர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்; பெயர் வைக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது போலும்! இன்னொன்று, பத்து வீதி வேலையை ஒரே மூட்டையாகக் கட்டி 'பேக்கேஜ்' என்று விடுவது. அப்போது முன்பணமும் பெரிதாகும், கேட்கிற அனுபவமும் பெரிதாகும். சிறு காண்ட்ராக்டர் வாசலோடு நின்று போவான்.

நம் கோயமுத்தூரையே எடுத்துக் கொள்ளுவோம். 2021 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புப் போலீசார், சென்னை, கோயமுத்தூர் இரண்டு மாநகராட்சிகளின் டெண்டர்களிலும் முறைகேடு நடந்ததாக வழக்குப் பதிந்தார்கள். முன்பு உள்ளாட்சி மந்திரியாயிருந்தவர் மீதான டெண்டர் வழக்கை 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஆகவே அவரைக் குற்றவாளி என்று நாம் இங்கே சொல்லவில்லை. சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. நாம் சொல்லுவதெல்லாம், வேலை முடிந்து பில்லும் போன பிறகு, போலீசும் கோர்ட்டும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு, ஒரு ஜல்லிக் கல்லும் திரும்பி வராது என்பதுதான்.

இன்னொரு அக்கிரமம் பலருக்கு ஞாபகமே இருக்காது. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச்சு வரை இந்த மாநகராட்சிக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தேர்தலே நடக்கவில்லை. கவுன்சில் செய்ய வேண்டிய தீர்மானத்தைத் தனி அதிகாரியே செய்தார். கேட்பவரும் அவரே, கொடுப்பவரும் அவரே! சிங்காநல்லூர் தனி முனிசிபாலிட்டியாக இருந்த ஊர். 1981இல் மாநகராட்சி ஏற்பட்டபோது அதில் சேர்க்கப்பட்டது. பெரிய ஊரோடு சேர்ந்ததில் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் நம் கைக்கெட்டாத தூரத்துக்குப் போயிற்று.

குறைந்த விலை கேட்டவனுக்கே வேலை என்பது நல்ல விதிதான். ஆனாலும் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ரோட்டில் குறைந்தால் தாரில் குறைகிறது. குப்பை அள்ளும் காண்ட்ராக்டில் குறைந்தால் எதில் குறையும்? அங்கே தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை, மனிதன்தான் இருக்கிறான். 2022 அக்டோபரில் இந்த மாநகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, கேட்டது என்ன? ஜில்லா கலெக்டர் நிர்ணயித்த கூலியைக் கொடு என்று கேட்டார்கள். சர்க்காரே நிர்ணயித்த கூலியைச் சர்க்கார் வேலையில் வாங்கத் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு எந்த ஜாதியாரைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காண்ட்ராக்டு என்று வந்த பிறகும் மனுதர்மம் டெண்டர் பாரத்துக்குள் புகுந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, நாம் என்ன செய்வது, கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பதா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. சாமியிடம் வரம் கேட்கிற பழக்கம்தான் நம்மைக் கவுன்சிலரிடமும் அப்படி நிற்க வைக்கிறது. 2005இல் செய்யப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காகித நகல் வாங்குகிற சட்டம் என்று மாத்திரம் நினைக்கிறார்கள். அதில், நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற சாமானில் அத்தாட்சி பெற்ற மாதிரி எடுத்துக்கொள்ளவும் குடிமகனுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. உங்கள் வீதியில் கொட்டுகிற தார்க் கலவையில் ஒரு பிடி கொடு என்று கேட்கலாம் என்று அர்த்தம். கோயிலில் பிரசாதம் கேட்டு வாங்குகிறோம். இதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மனு எழுதும்போது, "எங்கள் ரோடு ஏன் மோசமாயிருக்கிறது?" என்று எழுதாதீர்கள். அதற்குப் பதில் வராது, வந்தாலும் பிரயோஜனப்படாது. இன்ன வீதிக்கு இன்ன வருஷம் போட்ட ரோட்டின் எஸ்டிமேட் நகல், டெண்டர் போட்டவர்கள் பெயரும் அவர்கள் கேட்ட விலையும், எம்-புக்கில் அந்த வேலையை அளந்த பக்கங்களின் நகல், ரோடு கெட்டால் காண்ட்ராக்டரே தன் செலவில் சரி செய்ய வேண்டிய கெடு முடியும் தேதி என்று கேளுங்கள். அந்தக் கெடுத் தேதி முக்கியம். அதற்குள் குழி விழுந்தால், மறுபடியும் நம் பணத்தில் அதே வீதிக்கு எஸ்டிமேட் போட வேண்டியதில்லை. இப்போது வார்டுகளில் ஏரியா சபை என்று கூட்டுகிறார்களே, வந்த நகலை அங்கே எடுத்துக்கொண்டு போய் உரக்கப் படியுங்கள்.

மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் கிடையாது. 30 நாளில் பதில் தர வேண்டும். எனக்கு எழுதத் தெரியாதே என்கிற தோழர்களுக்கும் அந்தச் சட்டத்தில் வழியிருக்கிறது. நீங்கள் வாயால் சொல்லுவதை எழுத்தில் கொண்டுவர உதவி செய்ய வேண்டியது அந்தத் தகவல் அதிகாரியின் கடமை.