இயந்திரம் கிண்டும், கிழங்கை வாங்குவது யார்?

(கமக்காரர் பேரணியின் முடிவில் எமது சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



மரவள்ளியை ஏழையின் சாப்பாடு என்று ஒதுக்குகிறவர்களும் பஞ்சம் வந்தால் அதைத்தான் தேடுகிறார்கள். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது இந்தத் தீவில் அரிசிக்குப் பதிலாய் நின்றது மரவள்ளி. 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாயாக ஏறியது. அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துப் பயிர் செய்யச் சொன்னார்கள். அப்போதும் எங்கட மரவள்ளிதான் பல வீடுகளில் பசி ஆற்றியது.

இப்போது "இயந்திரத்துக்கு மாறுங்கோ" என்று எங்களுக்குப் புத்தி சொல்லுகிறார்கள். நாங்கள் இயந்திரத்துக்கு எதிரிகள் இல்லை. லான்ட்மாஸ்டர் வந்தபோது வேண்டாம் என்றோமா? வெயிலில் இறுகிப்போன செம்பாட்டு மண்ணில் அலவாங்கு போட்டுக் கிழங்கு கிண்டுகிறவனைக் கேளுங்கோ, நாரி நோவு என்றால் என்னவென்று சொல்லுவான். கூலிக்கு ஆளும் கிடைக்குதில்லை. ட்ரக்டருக்குப் பின்னால் பூட்டுகிற கருவி மண்ணுக்கு அடியால் போய், வரிசையோடு கிழங்கைக் கிளப்பி மேலே போட்டுவிடும். நல்லது. அதுக்குப் பிறகு?

மரவள்ளிக்கு மண்தான் களஞ்சியம். எட்டு, பத்து மாதத்தில் முற்றினாலும் கொஞ்சக் காலம் மண்ணுக்குள் பொறுத்து நிற்கும். அதனால்தான் விலை பார்த்து, இன்றைக்குப் பத்து மரம், நாளைக்குப் பத்து மரம் என்று கிண்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறம். வெளியே எடுத்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடிப் பழுதாகிவிடும். இயந்திரம் ஒரே நாளில் கிண்டிக் குவித்தால், மூன்றாம் நாள் அந்தக் குவியலை வியாபாரி சொன்ன விலைக்குத்தான் தள்ளவேண்டும். இயந்திர வாடகையும் எங்கட தலையில்.

சீவிக் காயவைத்த மரவள்ளி மாதக்கணக்கில் கெடாது. தாய்லாந்தில் கிண்டுகிற ட்ரக்டரும் இருக்கு, சீவி உலர்த்தும் களமும் இருக்கு. எங்களுக்குச் சொல்லுவது ட்ரக்டரை மட்டும்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவும்தான்:

1. இயந்திரத்தை எங்கட நாலு, ஐந்து பரப்புத் தோட்டத்தில் ஓட்டித் திருப்பிக் காட்டிவிட்டு வாங்கவேண்டும்.

2. அதைத் தனி முதலாளிக்குக் கொடுக்காமல், கமநல சேவை நிலையத்தில் பொதுவாக வைத்து நியாய வாடகைக்கு விடவேண்டும்.

3. அதனோடு சேர்த்தே தோல் உரித்து, சீவி, உலர்த்தும் நிலையமும் வேண்டும். கிண்டும் கூலியை இழக்கப்போகும் பெண்களுக்கு அங்கே முதலிடம்.

4. கொள்வனவு விலை, கிண்டுவதற்கு முன்பே எழுத்தில் வேண்டும்.

இந்த நாலும் ஒரே கட்டு. முதல் இரண்டைத் தந்து மற்ற இரண்டை மறந்தால் கிழங்கு தோட்டத்தில்தான் அழுகும். கடன் வீட்டுக்கு வரும். வீட்டுக்கு ஒருவராவது மகசரில் கையெழுத்து வையுங்கோ.

கிண்ட முன்னம் விலையைச் சொல்!

கமக்காரர் ஒற்றுமை ஓங்குக!