சான்றிதழில் தேதி இல்லை, காவலுக்கு உண்டு
(மான்குர்த் கூட்டத்தில் பேசியது)



“ரெண்டு ஊசியும் போட்டாச்சு, அப்புறமும் கொரோனா வந்துச்சே, ஊசி ஏமாத்துதானே?” என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நான் டாக்டர் அல்ல. பத்தாவதோடு ரயில்வே குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். எனக்குத் தெரிந்த சீசன் டிக்கெட்டை வைத்தே சொல்கிறேன்.

2021 ஆகஸ்ட் 15 முதல், இரண்டு ஊசி போட்டு 14 நாள் ஆனவர்களுக்கே லோக்கல் ரயில் சீசன் என்றார்கள். வேலைக்குப் போக வேண்டுமே! நம் மக்கள் சான்றிதழோடு வரிசையில் நின்றார்கள். டிக்கெட்டிலே முடியும் தேதி இருந்தது. சான்றிதழிலே இல்லை. அதனால் ஊசியின் காவல் ஆயுசுக்கும் நிற்கும் என்று நாமாக எண்ணிக்கொண்டோம்.

ஊசி போட்டதும் இரத்தத்திலே எதிர்ப்புப் பொருள்கள் பெருகுகின்றன. கிருமியை வாசலிலேயே மறிப்பவை அவை. சில மாதங்களிலே குறைந்துவிடுகின்றன. ஆனால் கிருமியின் அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும் செல்கள் நெடுநாள் இருக்கின்றன. அவை படை திரட்டச் சில நாள் பிடிக்கும். ஒமைக்ரானோ மூன்று நாளிலே தொண்டையைப் பிடித்தது. போதாக்குறைக்கு வேஷமும் மாற்றி வந்தது. அதனால் காய்ச்சல் வந்தது. நோய் முற்றுவதற்குள் படை வந்து சேர்ந்ததால் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஏமாற்று அல்ல அம்மா.

தட்டம்மைக் கிருமி வேஷம் மாற்றுவதில்லை, பத்து நாள் பதுங்கியே வெளிப்படும். அதற்கு இரண்டு ஊசி பெரும்பாலும் ஆயுசுக்கும் போதும். 2022இல் பக்கத்துக் கோவண்டியிலே குழந்தைகள் மாண்டது ஊசி தேய்ந்ததால் அல்ல, பல குழந்தைகளுக்கு ஊசியே போய்ச் சேராததால். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காவல் தேயும் என்று சர்க்காருக்கும் தெரியும். 2022 ஜனவரி 10 முதல் மருத்துவ ஊழியர், முன்களப் பணியாளர், நோயுள்ள முதியவர்களுக்கு மூன்றாம் ஊசி. மற்றப் பெரியவர்களுக்கு ஏப்ரல் 10இலே அனுமதி, ஆனால் தனியார் ஆஸ்பத்திரியிலே, காசுக்கு! ஊசி 225 ரூபாய், போடும் கூலி 150 வரை. வீட்டிலே நாலு பெரியவர் என்றால் ஏறக்குறைய 1500. நாக்காவில் நிற்கிற கூலிக்காரர் எங்கே போவார்? ஜூலை 15 முதல் 75 நாள் மட்டும் எல்லாப் பெரியவர்களுக்கும் இலவசம். இது அப்போதே தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (மூன்று கைகள் எழுந்தன.)

அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை, இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், மறு ஊசி வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஃப்ளூ ஊசியும் அப்படித்தான், ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியது. அதை முதியவர்களுக்கு மாநகராட்சி மருந்தகத்திலேயே இலவசமாகப் போடவேண்டுமென்று மனு எழுதியிருக்கிறோம். மராத்தியிலும் இருக்கிறது. வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். கைநாட்டு என்றாலும் செல்லும், மை இருக்கிறது.