ஒரு வருஷ நர்ஸ் படிப்பு: செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு?

(அறந்தாங்கியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நமது ஊரில் இரண்டு கடைகளில் கூட்டம் கூடுகிறது. ஒன்று ஜெராக்ஸ் கடை. மற்றொன்று அடகுக் கடை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடல் தொழிலாளியும், கல்லணைக் கால்வாய்க் கடைமடையில் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் விவசாயியும் தங்கள் பெண்களின் படிப்புக்காகத் தாலிக்கொடியைக் கழற்றித் தருகிறார்கள். படிக்க வைக்கும் அந்த ஆசை நல்ல ஆசை. அதைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. கணக்குப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு தாய் என்னிடம் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து காட்டினார். "ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம், வேலை நிச்சயம்" என்று அதில் அச்சடித்திருந்தது. கட்டணத்தைப் போடவில்லை. நேரில் வந்தால் சொல்வார்களாம்!

கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். கட்டணம், ஹாஸ்டல், யூனிபாரம், பரீட்சைப் பணம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய். இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,000, வருஷத்துக்கு 24,000. அதோடு முடிந்ததா? அந்தப் பெண் ஜவுளிக் கடையில் நின்றிருந்தால் மாதம் 7,000 வீதம் 84,000 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும். அதையும் சேருங்கள். 2,08,000 ஆகிறது. நோட்டீஸ் அச்சடிப்பவர் இந்த ஜவுளிக் கடைக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நம்மில் பலரும் சேர்ப்பதில்லை.

இனி வரவு. தனியார் ஆஸ்பத்திரியில் 8,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக் கடையைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். வட்டியோ இரண்டாயிரம்! இந்தக் கடன் என்றைக்குத் தீரும்? நைட் டூட்டி வேறு.

சம்பளம் ஏன் இப்படி இருக்கிறது? நமது ராஜ்யத்தில் நர்ஸ் ஆக வேண்டுமானால் நர்ஸ், மருத்துவச்சி கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். இதற்கான சட்டம் 1926-ம் வருஷத்திலேயே வந்துவிட்டது. ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்ஸி. நான்கு வருஷம். அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ இவற்றைப் படித்தவருக்கே பதிவு. ஒரு வருஷச் சான்றிதழை வைத்துக்கொண்டு நர்சாகப் பதிய முடியாது. பதிவில்லாத பெண் அதே ஊசியைப் போடுவார், அதே கட்டைக் கட்டுவார். ஆனால் "நீ நர்ஸே இல்லை" என்று சொல்லி நிர்வாகம் சம்பளத்தைக் குறைக்கும். முதலாளிக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

பதிவு இருந்தால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தது. அத்தனை பேரும் பதிவு பெற்றவர்கள். சம்பளம் 7,700 ரூபாய்! இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொன்னார்கள். அதே வார்டில் நிரந்தர நர்சுக்கு அடிப்படைச் சம்பளம் மட்டுமே 35,000-க்கு மேல். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். ஒப்பந்தச் சம்பளம் பிறகு 14,000 ஆயிற்று, அதன் பிறகு 18,000 ஆயிற்று. பாடத்திட்டம் மாறியதால் ஏறிய சம்பளமா இது?

தனியார் துறையிலும் இதே கதைதான். சுப்ரீம் கோர்ட் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின் பேரில் மத்திய சர்க்கார் நிபுணர் குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு சொல்லிற்று. சிபாரிசு காகிதத்தில் இருந்தது. கேரளத்தில் நர்சுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிறகே, 2017 ஜூலையில், அந்த 20,000-ஐ அங்குள்ள சர்க்கார் ஏற்றுக்கொண்டது. அந்தச் சம்பளத்தைக் கேட்கவும் கையில் பதிவு எண் வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

அப்படியானால் ஒரு வருஷப் படிப்பே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், ஈ.சி.ஜி. டெக்னீஷியன் என்று ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. அது டெக்னீஷியன் வேலை, நர்ஸ் வேலை அல்ல. தனியார் வாங்குவதோடு ஒப்பிட்டால் கட்டணம் சொற்பம். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்தப் படிப்பு, எத்தனை இடம் என்று நேரிலேயே போய் விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் அங்கீகாரம் பெற்ற டிப்ளமோவில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 முதல் இது நடப்பில் உள்ளது.

நோட்டீஸ் கொடுப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் படித்தால் கவுன்சிலில் பதிவு உண்டா? எழுதிக் கொடுப்பீர்களா?" வாயால் எல்லாரும் சொல்வார்கள். பிறகு பாங்கிக்குப் போய், இந்தப் படிப்புக்குக் கல்விக் கடன் தருவீர்களா என்று விசாரியுங்கள். மானேஜர் முகத்தைச் சுளித்தால் ஏன் என்று கேளுங்கள். அசல் மார்க் ஷீட்டை மட்டும் எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பாதியில் விலக நேர்ந்தால் அதைத் திரும்ப வாங்குவதற்கு இன்னொரு நகையை அடகு வைக்கும்படி ஆகும்.

நோட்டீஸ் கொண்டுவந்திருக்கும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் போய்விட வேண்டாம். அந்த மேஜையண்டை உட்காருவோம். அடியில் பொடி எழுத்தில் உள்ளதையும் சேர்த்து, ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துவிடலாம்.