பண்டார்கர் சாலை: பெயரும் பெரியவரும்



மான்குர்த்தில் வாழும் நாம், நல்ல நாள் வந்தால் பூவும் வாழையிலையும் வாங்கக் குர்லாவில் வண்டி மாறி மாதுங்கா செல்கிறோம். ஆஸ்திக சமாஜக் கோயிலில் வழிபட்டுப் பண்டார்கர் சாலை வழியே திரும்புகிறோம். அப்பெயரை ஆயிரம் முறை சொல்லியிருப்போம். அவர் யாவர் என்று நம் பிள்ளைகள் வினவினால், விடை கூற வல்லார் நம்முள் எத்தனை பேர்?

1896-இல் பிளேக் நோய் பம்பாயை வாட்டியது. அதன் விளைவாக 1898-இல் நகரச் சீரமைப்புக்கென ஓர் அமைப்புத் தோன்றியது. காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற தெருக்களோடு மாதுங்கா எழுந்தது அதன் திட்டத்தினாலேயே. தென்னாட்டார் பலர் அங்குக் குடியேறினர். அவர்கள் நடந்த தெருக்களிற் சில தெலாங், பாவு தாஜி, பண்டார்கர் என இந்நாட்டு அறிஞர்தம் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன.

இராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் 1837-இல் கொங்கணக் கரையிலுள்ள மால்வணில் பிறந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான அவர், பின்னர் அதன் துணைவேந்தராகவும் விளங்கினார். வடமொழிப் பேராசிரியரான அவர், கல்வெட்டும் செப்பேடும் ஆய்ந்து தக்காணத்தின் பண்டை வரலாற்றை எழுதினார். 1917-இல் அவருக்கு எண்பது வயது நிறைந்த நாளில், அவர் பெயரால் புனேயில் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. 1925-இல் அவர் மறைந்தார்.

நாம் சிறப்பாக நினைவிற்கொள்ளத் தக்க செய்தி ஒன்றுண்டு. வைணவம், சைவம் முதலிய சமயங்களின் வரலாறு பற்றி 1913-இல் அவர் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். அதில் நம் ஆழ்வார்களும் இராமானுசரும் இடம் பெற்றனர்; தென்னாட்டுச் சைவமும் இடம் பெற்றது. மராத்திய நாட்டு அறிஞர் நம் அடியார்களை உலகறியச் செய்தார். அவர் பெயர் தாங்கிய தெருவிலோ, நாம் அவரை அறியாமல் நடக்கிறோம்!

நம் புலவர் பெயரும் இந்நகர்த் தெருவொன்றில் பொலிதல் வேண்டும் என விழைகிறோம். அவ்விழைவு தக்கதே. ஆயினும், பிறர் நம் பெரியோரை அறிய வேண்டுமெனக் கேட்பதற்கு முன், இம்மண்ணின் பெரியோரை நாம் அறிதல் முறையன்றோ? பலகையில் எழுதிய பெயர் மழையில் மங்கும். மக்கள் உள்ளத்தில் எழுதிய பெயரே நிலைக்கும்.

ஆதலின் அன்பர்களே, அடுத்த முறை மாதுங்கா செல்லுங்கால், பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பூக்கடையைக் காட்டுமுன் தெருப்பலகையைக் காட்டுங்கள். அப்பெரியவரின் கதையைக் கூறுங்கள். நமக்கு வாழ்வளித்த நகருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனில் அதுவும் ஒரு பங்காகும்.

வாழ்க தமிழ்! வளர்க இந்நகர்!