பழைய கணினியும் புதிய இயங்குதளமும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கணினிப் பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். ஏட்டைத் தொடவிடாது தடுக்கப்பட்ட நம் முன்னோர்க்கு எழுத்து எத்தகையதோ, இன்று நம் பிள்ளைகட்குக் கணினியும் அத்தகையதே. சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம் யாவும் இணையவழியே நடைபெறுகின்றன அல்லவா?

2025 அக்டோபர் 14 ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் புதிய செயலியும் வேண்டும். அவையில்லாத கணினிகள் நன்றாக ஓடினும் பாதுகாப்புக் குன்றியவையே. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பதியும் கருவி அவ்வாறு இருத்தல் ஆகாது. புதிது வாங்கப் பொருளில்லாதார் என் செய்வது?

லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய பணி அது. விலையின்றிப் பெறலாம், பிறர்க்கும் வழங்கலாம். நமக்கு அது முற்றிலும் புதிதன்று. 2011 செப்டம்பர் 15 இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. அப்பக்கத்தைத் திறந்து பாராதார் பலர். அருகிருந்து சொல்லித் தருவார் சிலரே. கேரளத்திலோ ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்து, அரசுப் பள்ளிகளில் லினக்சையே பழக்கினார்கள். கருவியை வழங்கினால் போதாது, கற்பிக்கவும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

நம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளைப் பாருங்கள். ஜக்கார்டு பெட்டி வந்தபின் பூவேலையின் கணக்கைத் துளையிட்ட அட்டைகள் ஏற்றன. பாவும் ஊடையும் மாறவில்லை, கைப்பழக்கமே மாறியது. கணினியிலும் அவ்வாறே. எழுதுவதும் கணக்கிடுவதும் முன்போலவே; பட்டியலும் பொத்தானும் இருக்கும் இடம் மட்டும் வேறு.

மாற விரும்புவோர் முதலில் தம் கோப்புகளைத் தனி வட்டில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர் லினக்சைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். கணினியில் உள்ளது அழியாது. தமிழ்த் தட்டச்சு தேர்ந்தோர்க்குத் தட்டச்சு முறையும், ஏனையோர்க்குத் தமிழ்99 முறையும் அதில் உண்டு. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். அலுவலகங்கள் பலவற்றில் விண்டோசே நிலவுவதால் அதனையும் மறத்தல் கூடாது. இரு கையும் பழகியவனுக்கு எத்தறியும் தன் தறியே.

இளைஞர்களே! தெருவுக்கு இருவர் இதனைக் கற்று, மற்றவர்க்குக் கற்பியுங்கள். தொடக்கத்தில் தடுமாற்றம் இருக்கும்; அஞ்ச வேண்டா. பணமின்மையாலும் அச்சத்தாலும் நம் பிள்ளை ஒருவரும் வாயிலில் நின்றுவிடாதபடி காப்பதே இவ்விழாவுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.

வாழ்க கல்வி! வளர்க ஒற்றுமை!